பதினேழாம் பாட்டு

குழித்துறை,
12-2-2006

அன்பு மகள் பெபிஷாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அம்மையும் எழுந்து நடமாடுகிறோம். அவளுக்கு முட்டுவலி மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். எனக்கு வலி ஒன்றும் இல்லை, மானக்கேடு மட்டும் ஒன்று உண்டு. வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

நீ அந்தத் தீவில் போய் இறங்கிய செய்தி வந்தபோது கடையில் குழாய் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே வெளியே வந்து, "எனக்க மோள் ஒரு நாட்டுக்கு எலெக்‌ஷன் நடத்தப் போயிருக்கா" என்று எதிர்ச் சாயாக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மைக் இல்லாமலே.

"எந்த நாடு சத்தியநேசா?" என்று கேட்டார் விக்டோரியா டீச்சர். பெயர் வாயில் வரவில்லை. "ஆப்பிரிக்காவுக்குக் கிழக்க, கடலுக்க நடுவில" என்றேன். டீச்சர் விடுகிற ஆளா? ரிட்டயர் ஆனபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த உலக உருண்டையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுத் தேடினேன். கடலுக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. "இதாக்கும்!" என்று விரலை வைத்தேன். நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். டீச்சர் விரலில் எச்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். நாட்டைக் காணவில்லை. ஈ இட்ட எச்சமாம்.

"கொள்ளாம்வே, எலெக்‌ஷனுக்கு முன்னாலேயே நாட்ட அழிச்சுப் போட்டீரே" என்றான் சாயாக்கடைக்காரன். மூன்று நாளாக அந்தப் பக்கம் சாயா குடிக்கப் போகவில்லை.

அதனால் நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. இன்னொன்றும் எழுது. உனக்குச் சம்பளம் தருவது அந்தத் தீவு அரசாங்கமா, வேறு அரசாங்கமா? டெல்லியில் இருந்தபோது செய்த அதே வேலை என்றாய். டெல்லி நம்ம ஊர். இது அப்படி இல்லையே.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மையின் முத்தங்களோடு,
உன் அப்பா,
சத்தியநேசன்


துறைமுகத் தெரு,
5-3-2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டுக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்துத் தனியாகச் சிரித்தேன். மரியேல் என்ன என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னதும், "உன் அப்பா சொன்னது சரிதான், எங்கள் நாடு அவ்வளவு பெரிதுதான்" என்றாள்.

மரியேல் இந்த ஊர்ப் பெண். என் வயது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், சர்ச்சில் கொயர் நடத்துகிறாள். எங்கள் அலுவலகத்தில் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். அவள் வீட்டு மாடியில்தான் தங்கியிருக்கிறேன். அவளுடைய அம்மா நேற்று நம்ம கடச்சக்கையை வறுத்துத் தந்தார்கள். இங்கே தெருவுக்கு நாலு சீமைப்பலா மரம் நிற்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சம்பளம் தருவது இந்தத் தீவு அரசாங்கம் இல்லை அப்பா. ஒரு பெரிய தேசத்து அரசாங்கம். உலகத்தில் பல நாடுகளில் மக்களாட்சிக்கு உதவி செய்ய ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பது, பூத் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பது, இதுதான் வேலை. எல்லாக் கட்சிகளையும் அழைக்கிறோம். ஆளுங்கட்சி மட்டும் வருவதில்லை. ஜூலையில் தேர்தல்.

நீங்கள் பயப்படும்படி ஒன்றும் இல்லை. இருவருக்கும் என் அன்பு.

பெபிஷா


குழித்துறை,
2-4-2006

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த மாதம் நான் சுகமாக இல்லை, ஏனென்றால் நேரம் இல்லை. மே எட்டாம் தேதி நமக்கு எலெக்‌ஷன். ஒரு கட்சி வீட்டுக்கு வீடு டிவி தருகிறதாம். உன் அம்மை இப்போதே ஹாலில் இடம் ஒதுக்கிவிட்டாள். என் ஏழு மைக் செட்டும் ஏழு ஊரில் கத்திக்கொண்டிருக்கின்றன.

நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கிடம் தோற்றவன். ஆனால் முப்பது வருஷமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். எல்லாக் கட்சிக்கும் குழாய் கட்டுவேன். கட்டிவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். பேச்சு நன்றாக இருந்தாலும் கை தட்டமாட்டேன். "நீரு எந்தக் கட்சிவே?" என்று கேட்டால், "ஆம்ப்ளிஃபயர் கட்சி" என்பேன்.

உனக்குச் சம்பளம் தருகிற அரசாங்கம் குழாய் மட்டும் கட்டவில்லை, பெபிஷா மக்களே. யார் பேச வேண்டும் என்றும் பார்க்கிறது. ஆளுங்கட்சி மட்டும் வருவதில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். பெண் வீட்டார் மட்டும் கூடியிருக்கிற பந்தலுக்குக் கல்யாணம் என்றா பெயர்?

நான் பழைய ஆள். ஓர் அரசாங்கத்துக்கு அதன் எல்லைக்குள்தான் வேலை என்று நினைக்கிறவன். ரோடு போடட்டும், குழாயில் குடிக்க வெள்ளம் கொண்டுவரட்டும், திருடனைப் பிடிக்கட்டும். அதைச் செய்யவே எந்த அரசாங்கத்துக்கும் முடியவில்லை. அப்படி இருக்க, சொந்த ஜனங்கள் கட்டுகிற வரியை எடுத்துக்கொண்டு போய் அடுத்த நாட்டு ஓட்டுப்பெட்டிப் பக்கத்தில் நிற்பதற்கு எந்த ஜனங்களிடம் கேட்டார்கள்? நல்ல எண்ணம் என்பாய். கெட்ட எண்ணத்தோடு வருகிறவனைக் கதவைச் சாத்தித் தடுத்துவிடலாம். நல்ல எண்ணத்தோடு வருகிறவன்தான் அடுக்களைவரை வந்துவிடுவான்.

ஐம்பத்து நாலில் நம்ம தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று என் அப்பா மார்த்தாண்டத்தில் ஊர்வலம் போய் முதுகில் அடி வாங்கினார். அன்றைக்கு ஒரு வெளிநாட்டு அரசாங்கம் வந்து அவருக்கு ஊர்வலம் போகப் பயிற்சி கொடுத்திருந்தால்? அப்போதும் ஜெயித்திருப்போம். ஆனால் "கூலிக்குக் கத்தினவன்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். முதுகுத் தழும்புக்கு மரியாதை இருந்திருக்காது.

கோபப்படாதே. அந்த மரியேலுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல். இளநீர் குடி.

அப்பா


துறைமுகத் தெரு,
28-4-2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், கோபமும் இல்லை. கொஞ்சம் இருந்தது.

இங்கே பதினெட்டு வருடமாக ஒரே குடும்பம் ஆள்கிறது. மரியேலின் அண்ணன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினான். வேலை போனது, பிறகு வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பும் போனது. ஓட்டுச்சீட்டில் யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடும் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். தெரியாது என்று சொல்லிக்கொடுப்பது தலையீடா? அடுத்த வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால் கதவைத் தட்டக்கூடாதா? நீங்கள் தட்டியிருக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்களுக்குப் பெருமையான ஒரு விஷயம். சென்ற வாரம் பயிற்சியில் ஒருவர் கேட்டார்: "ஓட்டுக்கு முந்தின நாளும் ஓட்டு நாளும் பிரச்சாரம் கூடாது என்று சட்டம். அந்த நேரத்தில் எப்படி ஞாபகப்படுத்துவது?" எனக்கு உங்கள் பாட்டுப் பலகைக் கதை ஞாபகம் வந்தது. நம்ம சபைக் கோவில் கமிட்டி எலெக்‌ஷனில், கோவிலுக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது என்றிருந்தபோது, அன்றைய ஆராதனைப் பாட்டு நம்பர் போடுகிற பலகையில் உங்கள் ஆட்கள் மூன்று பேரின் வரிசை எண்ணைப் பாட்டு நம்பராகப் போட்டீர்களே, நாலு, ஏழு, ஒன்பது என்று! சபையே அந்த மூன்று பாட்டையும் எழுந்து நின்று பாடிவிட்டு, அப்படியே போய் அந்த மூன்று நம்பருக்கும் ஓட்டுப் போட்டது! சொன்னதும் அறையே சிரித்தது. மரியேல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இங்கேயும் கட்சிகளுக்குச் சின்னம் இல்லை, எண்தான்.

பிறகு அவள் கேட்டாள், "தோற்றது யார்?" எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னதே இல்லை. யாரப்பா அது?

அம்மாவுக்கு என் முத்தம்.

பெபிஷா


குழித்துறை,
20-5-2006

என் தங்க மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. எலெக்‌ஷன் முடிந்து தொண்டை கட்டிய ஏழு மைக் செட்டும் வீடு திரும்பியிருக்கின்றன. அம்மைக்கு இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, டிவிதான் இன்னும் வரவில்லை.

என் கதை கடல் தாண்டிப் போய்விட்டதே! சாயாக்கடையில் சொன்னேன். "உருண்டையில காணாத நாட்டுல எனக்க புத்திக்கு மரியாதை இருக்கு, கேட்டியா?" என்றேன். அந்த ஈ எச்சக் கணக்கு அதோடு தீர்ந்தது.

உன் கூட்டாளிகளுக்குச் சொல், பலகையில் நம்பர் போட்டால் மட்டும் போதாது. அந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும். தெரியாத பாட்டு என்றால் ஜனங்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள், சந்தேகம் வரும். ஆராதனை முடிந்த பிறகு நம்பரைக் கழற்ற மறந்ததுபோலப் பலகையை அப்படியே விட்டுவிட வேண்டும். யாராவது கேட்டால், "பாட்டுக்கு நம்பர் கர்த்தர் தந்ததாக்கும்" என்று சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் சொன்னேன்.

தலையிடக்கூடாது என்று போன கடிதத்தில் எழுதினவன் இந்தக் கடிதத்தில் வழி சொல்லிக்கொடுக்கிறானே என்று நினைப்பாய். உன் அப்பன் அப்படித்தான். புகழ்ச்சி என்றால் கொள்கைக்கு அரைநாள் லீவு.

அம்மை உனக்கு முறுக்கு அனுப்ப வேண்டும் என்கிறாள். தூளாகப் போய்ச் சேரும் என்று சொன்னேன். தூளும் முறுக்குதானே என்கிறாள்.

அப்பா


துறைமுகத் தெரு,
18-6-2006

அன்புள்ள அப்பாவுக்கு,

முறுக்குத் தூள் வந்தது. மரியேலின் அம்மா அதைச் சூப்பில் போட்டார்கள். உங்கள் இருவரின் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

ஜூலை பதினாறு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. எதிர்க்கட்சியின் எண் பதினேழு. தெருவில் பையன்கள்கூட அந்த எண் போட்ட பனியனைத் துணிந்து போடத் தொடங்கிவிட்டார்கள். பயம் விலகுவதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது அப்பா.

மரியேல் ஏதோ திட்டம் போடுகிறாள். தீவில் இருபத்தாறு சர்ச்சுகளிலும் கொயர்காரர்கள் அவளுக்குத் தெரிந்தவர்கள். அவள் வாயைத் திறந்ததும் எங்கள் மேலாளர், "எனக்கு இது காதில் விழவில்லை" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனார். நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

அவள் மறுபடியும் கேட்டாள், தோற்றவர் பிறகு என்ன செய்தார் என்று. உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. "என் அப்பாவோடு சேர்ந்து சிரித்திருப்பார், எங்கள் ஊரில் அப்படித்தான்" என்று சொல்லிவைத்தேன்.

பெபிஷா


குழித்துறை,
6-7-2006

அன்பு மகளுக்கு,

எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன்.

தோற்றது உன் ஞானம் மாமா.

உன் அம்மையின் கூடப்பிறந்த அண்ணன்தான். நம் வீட்டு வாசல் மிதிக்காததற்கு வேலித் தகராறு என்று நீ கேட்டு வளர்ந்தாய். வேலித் தகராறு இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் வேலியே கிடையாது.

பன்னிரண்டு வருஷம் அவர்தான் கமிட்டிச் செயலாளர். முன்கோபக்காரர், எல்லாரையும் அதட்டுவார், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். கோவில் பள்ளிக்கூடத்து வேலைகளில் தன் ஆளை நுழைக்க நினைத்த வெளியூர்ப் பெரியவர் ஒருவருக்கு அவர் இடைஞ்சல். அந்த மனிதர் என்னைத் தேடி வந்தார். "உங்க சபைக்க நன்மைக்காக்கும் சத்தியநேசன்" என்றார். கோவில் மைக்கும் பலகையும் என் பொறுப்பில் இருந்தன. நான் பெரிய மனிதன் ஆகிவிட்டதாக நினைத்தேன். நாலும் ஏழும் ஒன்பதும் அவர் சொன்ன நம்பர்கள். மாமாவின் நம்பர் இரண்டு.

நான் கதையில் சேர்க்காத ஒன்று உண்டு. அன்றைக்குக் கொயர் நடத்தியதே உன் மாமாதான். பலகையைப் பார்த்து, மூன்று பாட்டையும் அவரே எடுத்துக்கொடுத்தார். தன்னைத் தோற்கடிக்கிற பாட்டை முழுத் தொண்டையில் பாடினார். முடிவு சொன்ன பிறகு திரும்பிப் பலகையைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். யார் போட்டது என்று அவர் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் கோவிலில் பாடவும் இல்லை. உன்னைச் சபையில் முழு அங்கமாகச் சேர்த்த திடப்படுத்தல் ஆராதனைக்கு உன் அம்மை போய்க் காலைப் பிடித்தாள். வரவில்லை.

அந்த வெளியூர்க்காரர் ஆறே மாதத்தில் வேறு ஊர்ப் பிரச்சினைக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு சபை. எங்களுக்கு அது வீடு. இன்றைக்கும் சபை இரண்டாகத்தான் உட்காருகிறது, வலது பக்கம், இடது பக்கம் என்று.

நான் முதல் கடிதத்திலிருந்து எழுதியதெல்லாம் படித்து வந்த அறிவு இல்லை மக்களே. நான் செய்து பார்த்தது. வெளியிலிருந்து வருகிறவன் ஜெயிக்கவைத்துவிட்டுப் போய்விடுவான். அவன் தொட்ட ஜெயத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறவன் வாழ முடியாது. மரியேலிடம் சொல், அதைச் செய்ய வேண்டாம். அவர்கள் ஜெயிக்கட்டும். அவர்களாகவே ஜெயிக்கட்டும்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். வீட்டு ஃபோனை உன் அம்மை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவாள். அவளுக்கு அந்த வெளியூர்க்காரர் விஷயம் தெரியாது. பூத்துக்குப் போனேன். ஆறு நம்பர் அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உன் குரல் கேட்டால் நான் வேடிக்கை பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். சீக்கிரம் போய்ச் சேரட்டும்.

அப்பா


துறைமுகத் தெரு,
18-7-2006

அப்பா, அம்மா இருவருக்கும்,

சுகமா? நான் தூங்கி இரண்டு நாள் ஆகிறது. ஜெயித்துவிட்டார்கள்! முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம். அவ்வளவுதான், ஆனால் போதும். பதினெட்டு வருடம்!

அப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவு முழுக்கப் பதினேழாம் பாட்டு. இருபத்தாறு சர்ச்சிலும். நான் மரியேலின் சர்ச்சில் பின்வரிசையில் இருந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு எல்லாருக்கும் புரிந்தது. சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் பாடினார்கள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் உங்களுடையது என்று மரியேல் சொல்லச் சொன்னாள். அவளுடைய அம்மா உங்களுக்காக ஜெபம் செய்தார்கள்.

விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் பெபிஷா


துறைமுகத் தெரு,
12-8-2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஜூலை ஆறாம் தேதி நீங்கள் எழுதியது ஜூலை இருபத்தொன்பதாம் தேதி கிடைத்தது. அதற்கு முந்தின நாள் மரியேலைக் கைது செய்தார்கள்.

ஆளுங்கட்சி வழக்குப் போட்டது. ஓட்டு நாளில் வழிபாட்டு இடத்தில் பிரச்சாரம், அதற்குப் பின்னால் வெளிநாட்டு அரசாங்கத்தின் பணம் என்று இரண்டு குற்றச்சாட்டு. தீர்ப்பு வந்துவிட்டது. தேர்தல் செல்லாது. நவம்பரில் மறுபடியும். ரேடியோவில் இரவும் பகலும் ஒரே வார்த்தைதான் ஓடுகிறது, "கூலிப் பாட்டுக்காரர்கள்." நீங்கள் தாத்தாவைப் பற்றி எழுதியது ஞாபகம் வந்தது. பதினேழு போட்ட பனியனைத் தெருவில் எரிக்கிறார்கள், போட்டிருந்தவர்களே.

எங்கள் அலுவலகத்தை மூடுகிறார்கள். மேலாளர் போன வாரமே விமானம் ஏறிவிட்டார். எங்கள் எல்லாரிடமும் ஒரு காகிதம் தந்திருக்கிறார்கள். பாட்டுப் பலகை விஷயம் உள்ளூர் ஊழியர் தானாகச் செய்தது, எங்களுக்கு எதுவும் தெரியாது என்று. கையெழுத்துப் போட்டால் டிக்கெட் வரும், வேலையும் இருக்கும். போடாவிட்டால் நான் சாட்சி சொல்ல இங்கேயே இருக்க வேண்டும். நான் அவர்கள் நாட்டுப் பெண் இல்லை, எனக்காக அவர்கள் பேசமாட்டார்கள். என்னையும் உள்ளே வைக்கலாம் என்கிறார் வக்கீல். ஆனால் யோசனை எங்கள் பயிற்சியில் வந்தது என்று நான் சொன்னால் மரியேலுக்குத் தண்டனை பாதியாகக் குறையும் என்றும் அவரே சொல்கிறார்.

நான் இன்னும் மாடியில்தான் இருக்கிறேன். கீழே அவளுடைய அம்மா எனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறார்கள். காகிதத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தை ஊருக்குப் புறப்படுகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், மூன்று நாளில் கிடைத்துவிடும். இருபதாம் தேதி ஞாயிறு, அம்மா பெண்கள் கூட்டத்துக்குப் போகும் நேரத்தில் ஃபோன் செய்கிறேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

பெபிஷா


வேறு நாடு, வேறு ஊர் (விலாசம் பின்னால்),
20-1-2007

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே நல்ல குளிர். அம்மா கொடுத்துவிட்ட மிளகுப்பொடி தீர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் வேறு வேறு நாட்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இங்கே அடுத்த வருடம் தேர்தல். எல்லாக் கட்சிகளையும் பயிற்சிக்கு அழைக்கிறோம்.

வீட்டில் இருந்த இரண்டு மாதமும் நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதுகூட, "பசிக்குதா மக்களே?" என்று மட்டும்தான் கேட்டீர்கள். அதற்கு நன்றி.

இங்கே பயிற்சியில் நான் கதை எதுவும் சொல்வதில்லை.

நான் வந்து இரண்டு மாதம் ஆகிறது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பெபிஷா


குழித்துறை,
18-2-2007

அன்பு மகள் பெபிஷாவுக்கு,

விசாரிப்புகளை எல்லாம் முதலிலேயே முடித்துவிடுகிறேன். கடைசியில் அதற்குத் தெம்பு இருக்காது. அம்மை சுகம். மிளகுப்பொடி வறுத்து இடித்தாகிவிட்டது, வருகிறது. டிவியும் வந்துவிட்டது, அதில் அவள் எந்நேரமும் அழுகிற பெண்களையே பார்க்கிறாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். சாயாக்கடைக்காரனே சர்க்கரை இல்லாமல் தருகிறான், காசு மட்டும் குறைக்கமாட்டான். நீ கம்பளி போட்டுக்கொள். எங்கள் இருவரின் ஜெபமும் உன்னோடு.

டிசம்பரில் உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மரியேலின் அம்மா எழுதியது. இங்கிலீஷ். பிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். விக்டோரியா டீச்சரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். டீச்சர் ஒரு தடவை தனக்குள் வாசித்துவிட்டு, "இதைக் கேக்கணுமா சத்தியநேசா?" என்றார். கேட்டேன்.

நவம்பர் தேர்தலில் அந்த ஆளுங்கட்சிக் குடும்பமே மறுபடியும் வந்துவிட்டது. பதினோராயிரம் ஓட்டு வித்தியாசம். "வெளிநாட்டுக்காரனுக்க கட்சி" என்று சொன்னதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லையாம். மரியேலுக்கு நாலு வருஷம். இந்த யோசனையை யார் கொடுத்தது என்று கோர்ட்டில் கேட்டார்களாம். ஒரு சிநேகிதி சொன்ன கதை என்றாளாம். சிநேகிதியின் பெயர் என்ன என்று மூன்று தடவை கேட்டார்களாம். சொல்லவில்லையாம். உன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார்களாம். அப்போதும் சொல்லவில்லையாம்.

அந்த அம்மா உன்னைக் குற்றம் சொல்லி ஒரு வரி எழுதவில்லை. நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் கடிதம். நீ சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாயாம்.

இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டு இருந்தேன். நீயும் ஆகஸ்டுக்குப் பிறகு மரியேலின் பெயரை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்காததற்கு நீ நன்றி சொல்கிறாய். அந்த நன்றியைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். உன் ஞானம் மாமாவும் என்னிடம் கேட்கவில்லை. அவர் கேட்காததைத்தான் நான் இருபது வருஷமாகச் சுகமாக எடுத்துக்கொண்டேன். கேட்காமல் இருப்பது தயவு இல்லை மக்களே.

உன்னை அந்த வேலைக்கு வைத்தவர்களைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்றமாட்டேன். அடுத்தவன் நாட்டில் கை வைத்தார்கள், உடைந்தது, கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் கையைத் துடைப்பதற்கு அவர்களுக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அதில் நம்ம வீட்டுப் பெயர் இருக்கிறது. உன் பெயருக்கு முன்னால் இருக்கிற எஸ் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பதினொன்றரைக்கு ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன். "போடட்டுமா அப்பா?" என்று கேட்டாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் உடனே பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, "அப்பா, அப்பா" என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் சத்தம் விற்றவன் நான், எனக்கு லைன் தெரியாதா? உன்னை உள்ளே வைத்திருக்கிற ஓர் அறை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஜன்னல்கூடத் தெரிந்தது. மரியேலின் அறை தெரியவில்லை. அவள் என் மகள் இல்லை.

"எல்லாத்தையும் போட்டுட்டு வந்துரு மக்களே, அம்மை தேடுதா" என்றேன். உன் அம்மைக்கு அன்று ஒன்றுமே தெரியாது.

அந்தக் கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருந்தேன் இல்லையா? அப்போது என் வாய்க்குள் இருந்தது வேறு. போடாதே. 'கதை எனக்க அப்பனுக்க கதையாக்கும், அவரு பேரு சத்தியநேசன், குழித்துறையில மைக் செட் வச்சிருக்காரு, வேணும்னா அவரைப் பிடிச்சுக் கேளுங்கோ'ண்ணு கோர்ட்டுல போய்ச் சொல்லு.